ஆறு கொண்டுவந்த வீடு

வாரத்தில் ஐந்து நாட்கள், காலை ஒன்பது மணிக்கு முன்னரே, எனக்குச் சொந்தமோ பந்தமோ இல்லாத நாலைந்து பேருடைய வீட்டுக் கதவுகளை என் கையாலேயே திறந்துவிடுகிறேன். வாசல் நிலைக்குப் பக்கத்தில் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று பொருத்தியிருப்பார்கள். இலக்கத்தை அழுத்தினால் அது வாயைத் திறக்கும். உள்ளே வீட்டுத் திறப்பு கிடக்கும். சப்பாத்துக்கு மேலே நீல நிற பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, "ஹாலோ, நான் ஸ்டெல்லா" என்று குரல் கொடுத்தபடி நேரே படுக்கையறை வரைக்கும் போய்விடுவேன். மன்னார்த் தீவில், எங்கள் பேசாலையில் கதவு திறந்துதான் கிடக்கும். ஆனால் முற்றத்தில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டு, உள்ளேயிருந்து "வாங்கோ" என்று ஒரு குரல் வராமல் ஒருவரும் படியேற மாட்டார்கள். இங்கே கதவு பூட்டியிருக்கிறது, திறப்போ என்னிடம் இருக்கிறது. நகரசபையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, இந்தத் தலைகீழ் வழக்கத்துக்குப் பழக எனக்கு இரண்டு வருடங்கள் எடுத்தன.

நான் வேலை செய்வதும் குடியிருப்பதும் நோர்வேயின் லில்லெஸ்ட்ரோமில். ஒஸ்லோவின் பெரிய ஸ்டேஷனில் ரயிலேறினால், நீண்ட சுரங்கம் ஒன்றுக்குள் புகுந்து வெளியே வர, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஊர் வந்துவிடும். பாதிப் பேர் இங்கே இறங்கி வேறு ரயில் மாறிப் போவார்களே தவிர, ஸ்டேஷனை விட்டு வெளியே எட்டிப் பார்க்க மாட்டார்கள். சனிக்கிழமைகளில் முருங்கைக்காயும் பச்சை மிளகாயும் வாங்கக் ஒஸ்லோவின் குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போனால், கடையில் காணும் எங்கள் ஆட்கள், "லில்லெஸ்ட்ரோமிலையோ இருக்கிறியள்? அங்கை என்ன கிடக்கு?" என்று கேட்பார்கள். ஒஸ்லோவிலேயே, அம்மருட்டின் மாடிக் குடியிருப்பில் பத்து வருடம் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "ஒருக்கா வாங்கோ, காட்டிறன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வரப்போவதில்லை என்பது தெரிந்திருந்தும், கடை வாசலிலேயே ஊர்ப் புராணத்தைத் தொடங்கிவிடுவேன். என் கணவர் அன்ரன் பைகளைத் தூக்கிக்கொண்டு தூரப் போய் நின்றுவிடுவார்.

இந்த ஊரின் சரித்திரத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் கால் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறைகளை மாட்டிக்கொண்டே கேட்டேன். அந்தக் காலுறை லேசில் ஏறாது. குதிக்காலைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, சுருக்கம் விழாமல் முழங்கால்வரை இழுத்துவிட நல்ல நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அவர்களுக்கு வாய் சும்மாதான் இருக்கும், எனக்குக் காது சும்மாதான் இருக்கும். அப்படித்தான் பலகை வண்டிக்காரர்களைப் பற்றி அறிந்தேன். ரயில் வருவதற்கு முன்னர், இந்தப் பக்கத்து ஆலைகளில் அரிந்த பலகைகளைப் பனிக்காலத்தில் சறுக்குவண்டிகளில் ஏற்றி, குதிரை பூட்டி, ஒஸ்லோவுக்குக் கொண்டுபோனவர்கள் சுற்றுவட்டாரத்தில் பயிர் செய்த கமக்காரர்கள். வழியில் ஒரு சாராயக் கடையையும் விடமாட்டார்களாம். திரும்பி வரும்போது அவர்கள் வண்டியில் தூங்கிக்கொண்டு வர, குதிரைகள்தான் பாதை பார்த்து வீடு சேர்க்குமாம். பிறகு இந்த நாட்டின் முதலாவது ரயில் பாதையை இந்த ஊருக்கூடாகப் போட்டார்கள். ஆட்களை ஏற்றுவதைவிடப் பலகைகளை ஏற்றுவதுதான் அதன் பெரிய நோக்கமாக இருந்தது என்று இங்கே இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

காடுகளில் தறித்த மரங்கள் ஆற்றில் மிதந்து வந்து சேர, நீராவியில் ஓடும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆலைகளுக்கு ஆட்கள் வேண்டுமே. நிலமில்லாதவர்களும் குடும்பத்தில் இளையவர்களும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். இந்த இடம் அப்போது வெறும் சதுப்பு நிலம். மரத்தூளையும் மரப்பட்டையையும் கொட்டி நிரப்பி, அதன்மேல் வீடு கட்டிக் குடியேறினார்கள். ஆக, இந்த ஊரில் ஆதிக்குடி என்று மார்தட்ட ஒருவருக்கும் பெரிய உரிமை கிடையாது. எல்லோருமே ஏதோ ஒரு காலத்தில் மூட்டையோடு வந்து இறங்கியவர்கள்தான். எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு முதற்காரணம் அதுதான்.

இன்றைக்கு ஆலைகள் இல்லை. அவை நின்ற இடங்களில் மாடி வீடுகளும் கடைகளும் பெரிய கண்காட்சி மண்டபமும் இருக்கின்றன. ஆனால் ஊர் தன் வேலைக்காரப் புத்தியை விடவில்லை. எண்பது வயதுப் பெண்கள் உறைபனியில், ஆணி வைத்த டயர் பூட்டிய சைக்கிளில் பாண் வாங்கப் போகிறார்கள். சைக்கிளை நிறுத்தவென்றே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் வைத்திருக்கிறார்கள். ஆறு அடிக்கடி ஊருக்குள் புகுந்து அட்டகாசம் செய்ததால், கரையோரம் நீளத்துக்கு அணைமேடு போட்டிருக்கிறார்கள். அதன்மேலே பிள்ளை வண்டில்களும் நாய்களும் ஓட்டக்காரர்களும் வரிசையாகப் போவதைப் பார்த்தால், வெள்ளத்துக்குப் போட்ட தடையைத் திருவிழா வீதியாக மாற்றிவிட்டார்களே என்று எனக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் ஆச்சரியமாக இருக்கும்.

அந்த மேட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மஞ்சள் நிற மரவீடு ஒன்றில் ஓட்வார் இருந்தார். தொண்ணூறு தாண்டியவர், மனைவியை இழந்தவர், ஆலையில் வேலை செய்தவர். அவருடைய ஒரே மகள் பெரித் மேற்குக் கரையோரத்தில், தூர நகரம் ஒன்றில் ஆசிரியையாக இருந்தாள். நாலு வருடம் வேலைநாள் காலையெல்லாம் அவருக்குக் காலுறை மாட்டிவிட்டேன். முதல் வருடம் முழுவதும் அவர் என்னோடு கதைத்தது காலநிலை பற்றி மட்டும்தான். "குளிர்" என்பார், நான் "ஓம், குளிர்" என்பேன். மறுநாள் "இன்றைக்கு அவ்வளவு இல்லை" என்பார். இந்த நாட்டில் அரசாங்கத் தலைவரையும் பால்குடிக் குழந்தையையும் ஒரே "நீ"யால் அழைப்பார்கள். நானும் அவரை வாயால் "நீ" என்றுதான் அழைத்தேன். மனதுக்குள் ஒரு நாளும் "நீங்கள்" என்பதை விட்டு இறங்கவில்லை.

ஒரு சித்திரை மாதம் பனி உருகி ஆறு பெருகியிருந்தது. அவர் ஜன்னலால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அமைதி என்றால் ஆகாது. வாயைத் திறந்தேன், என் அப்பாவைப் பற்றி வந்தது. என் அப்பா தலைமன்னார்ப் பாதையில், ரயில்வேயில் வேலை செய்தவர். தண்டவாளத்தோடு நடந்து நடந்து ஆணியும் கட்டையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய வேலை. சண்டை வந்தது, ரயில் நின்றது. சனங்கள் தண்டவாளத்துக்குக் கீழேயிருந்த சிலிப்பர் கட்டைகளைக் கிளப்பிக்கொண்டுபோய்ப் பதுங்குகுழிகளுக்கு மேலே அடுக்கினார்கள். செல்குண்டு விழுகிற நேரத்தில் அதைவிடப் பலமான கூரை கிடையாது. அப்பா மட்டும் மாட்டேன் என்றார். "அது அரசாங்கத்தின்ர சாமான். நான் காவல் காத்த சாமான்" என்று இரண்டு மாதம் பிடிவாதமாக இருந்தார். பக்கத்து வளவில் செல் விழுந்த அன்று பின்னேரம், மாமாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கட்டைகளைத் தூக்கிவந்தார். பிற்காலத்தில் பதுங்குகுழியை மூடியபோது, நல்லதாய் இருந்த ஒரு கட்டையை எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே உத்தரமாக வைத்தார். "இதைப் பற்றி வெளியில ஒருத்தருக்கும் கதைக்கக்கூடாது" என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். ஊரில் எல்லா வீட்டிலும் கட்டை இருந்தது. வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

இதை நான் ஓட்வாருக்குச் சொன்னேன். நோர்வேயில், ஒரு சமையலறையில், ஒரு கிழவருக்குச் சொல்வதால் அப்பாவின் மானம் போய்விடாது என்று நினைத்தேன். இரண்டாவது காலுறையையும் ஏற்றி முடித்தேன். அவர் விரலை நீட்டிச் சமையலறையின் பின்சுவரைக் காட்டினார்.

"அந்தச் சுவர்க் கடதாசிக்குப் பின்னால் இருக்கும் பலகைகளும் எங்களுடையவை அல்ல" என்றார்.

அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது ஆறு பெருகி, ஆலை முற்றத்தில் அடுக்கியிருந்த பலகைகளை அள்ளிக்கொண்டு போனதாம். அவருடைய அப்பா அதே ஆலையில் வேலைக்காரர். ஒரு அறையும் அடுப்படியும் மட்டும் இருந்த வீட்டில் நாலு பிள்ளைகள். தகப்பனும் மகனும் இரவல் வள்ளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கொக்கித் தடியால் மூன்று நாள் பலகை பிடித்தார்கள். அந்தக் கோடையில் வீட்டுக்குப் பின்பக்கமாக இன்னொரு பாதி முளைத்தது. ஒவ்வொரு பலகையின் நுனியிலும் ஆலையின் சிவப்பு மை அடையாளம் இருந்ததால், சுவர் எழும்பிய அன்றைக்கே தகப்பன் உட்புறம் முழுவதும் கடதாசி ஒட்டிவிட்டார். "ஒருவருக்கும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை" என்று முடித்தார் ஓட்வார். அன்றைக்கு நான் பதக்கம் வாங்கியவள்போலச் சைக்கிளில் பறந்தேன். அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் காலநிலை கதைக்கவே இல்லை. அவர் இறந்து இப்போது நாலு வருடங்கள் ஆகின்றன.

போன வருடம் ஊரின் சரித்திரச் சங்கத்திலிருந்து கெர்ட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை என்னைத் தேடி வந்தாள். நூலகத்தில் நான் யாருக்கோ பலகை வண்டிக்காரர் கதை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டாளாம். வசந்தத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கம் ஊர்வலம் நடத்தும். ஊரைச் சுற்றிக் காட்டும் நடை அது. இங்கே பீவாண்ட்ரிங் என்பார்கள். ஒவ்வொரு நடையையும் சங்கத்தவர் ஒருவர் நடத்துவார். "இந்த முறை ஒன்றை நீ நடத்து. எங்களுக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரிகிறது" என்றாள் கெர்ட். முப்பது வருடத்தில் இந்த நாடு எனக்கு வேலை தந்திருக்கிறது, வீடு தந்திருக்கிறது, கடவுச்சீட்டுத் தந்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்கே சொல்லு என்று ஒருவர் கேட்டது அன்றுதான். எனக்குத் தலைகால் தெரியவில்லை. இரண்டு கிழமை அன்ரனை முன்னால் இருத்திப் பேசிப் பழகினேன். பஸ் ஓட்டிக் களைத்து வந்த மனிதர், குதிரைகள் வீடு சேர்வதற்கு முன்னரே நித்திரையாகிவிடுவார்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. இருபது பேர் வந்திருந்தார்கள். எங்கள் மாடியில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா, ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, அவளும் வந்தாள். ஸ்டேஷனில் தொடங்கி, ஆலை நின்ற இடம், பழைய வேலையாள் வீடுகள் என்று எல்லாம் நன்றாகப் போனது. நோர்வே ஆட்கள் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினார்கள். இங்கே அது கைதட்டலுக்குச் சமம். கடைசியாக அணைமேட்டைக் காட்டிவிட்டு முடிப்பது என்றுதான் திட்டம். போகிற வழியில் மஞ்சள் வீடு வந்தது. ஒருவர், "அழகான வீடு" என்றார். அவ்வளவுதான், நாக்கு முந்திக்கொண்டது.

எங்கள் ஊரில் ஒரு வீட்டைக் காட்டினால், அது யாருடைய வீடு, அவர் யாருடைய மகன், கூரை வளையும் கப்பு மரமும் எங்கேயிருந்து வந்தன என்று சொல்லாமல் தாண்ட முடியாது. சொல்லாமல் போனால்தான் அது மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கத்தில் ஓட்வாரின் பெயரைச் சொன்னேன், தகப்பனைச் சொன்னேன், வள்ளத்தையும் கொக்கித் தடியையும் கையால் நடித்தும் காட்டினேன். "இந்த வீட்டின் பாதி, ஆறு கொண்டுவந்தது" என்று முடித்தேன். வித்யா கைதட்டினாள். மற்றவர்கள் தலையாட்டவில்லை. பின்வரிசையில் தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஒரு பெண், சைக்கிளைத் திருப்பி, ஏறாமலே தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

"சுவாரசியமான கதை" என்றாள் கெர்ட். இந்த நாட்டில் அந்தச் சொல்லை அந்தத் தொனியில் சொன்னால் நல்லதல்ல என்பது எனக்குத் தெரியும். பிறகு காதோடு சொன்னாள், "போனது பெரித். பனிக்காலத்தில் இந்த வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். இது உனக்கு எப்படித் தெரியும், ஸ்டெல்லா?"

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் கையெழுத்து வைத்த கடதாசி ஒன்று இருக்கிறது. வீடுகளுக்குள் கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்லமாட்டேன் என்ற வாக்கு அது. தௌஷெத்ஸ்பிளிக்ட் என்பார்கள். வேலையை விட்டாலும் அது தீராது; அந்த மனிதர் இறந்தாலும் தீராது. அவர் எங்கள் பராமரிப்பில் இருந்தார் என்பதையே சொல்லக்கூடாது. பெரித் ஒரு முறைப்பாடு எழுதினால் போதும், இருபது வருட வேலை போகும். வேலை போவதுகூடப் பிறகு. செத்த மனிதரைத் தெருவில் நிறுத்தி, அவருடைய மகளுக்கு முன்னால், கள்ளன் பட்டம் கட்டியிருக்கிறேனே! வித்யா பாவம், ஒன்றும் விளங்காமல், "அக்கா, அந்தப் பலகை மேட்டர்தான் செம! அதுதான் டாப்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. யாராவது பிழை விட்டால், மருந்து மாறிப்போனாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, விட்டவரே கணினியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வீக் என்று பெயர். மற்றவர் பிழையை எழுதலாம், தன் பிழையை எழுதுவதுதான் இன்னும் நல்லது என்பார்கள். இருபது வருடத்தில் நான் சின்னச் சின்னவை எழுதியிருக்கிறேன். இதை எழுதப்போகிறேன் என்றதும் அன்ரன் சாப்பாட்டுக் கையோடு எழும்பிவிட்டார்.

"உனக்கென்ன விசரே? ஆரும் கேக்க முந்தி, நீயே உன்ர கையெழுத்தோட எழுதிக் குடுக்கப் போறியோ?"

"ஓம். அதுதான் இஞ்சத்தை முறை."

"எங்கட ஆக்களுக்கு அது சரிவராது. அங்கை எழுதிக் குடுத்தவங்களுக்கு என்ன நடந்ததெண்டு மறந்துபோனியோ? பேசாமல் இரு. அந்த மனிசி ஒண்டும் செய்யாமலும் விடும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் தலைமுறைக்கு, தனக்கெதிராகத் தானே எழுதிய கடதாசி என்றால் சிறைதான். அன்ரனின் தம்பி அப்படி ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு எட்டு வருடம் உள்ளே இருந்தவன். திங்கட்கிழமை காலை அவனை நினைத்துக்கொண்டுதான் கணினிக்கு முன்னால் இருந்தேன். ஆனால் அந்தப் படிவத்தில் இரண்டே இரண்டு கேள்விகள்தான் பெரிதாக இருந்தன. என்ன நடந்தது? இனி நடக்காமலிருக்க என்ன செய்யலாம்? யார் குற்றவாளி என்று ஒரு கட்டமே இல்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடிக்காதவை எத்தனையோ உண்டு, ஆனால் அந்தப் படிவத்தைக் கண்டுபிடித்தவரை நான் கும்பிடுவேன். எழுதினேன், அனுப்பினேன்.

எங்கள் பிரிவுத் தலைவி என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். கதவைச் சாத்திவிட்டு, கோப்பி ஊற்றி வைத்துவிட்டு, முழுவதையும் எனக்கு முன்னாலேயே வாசித்தாள். குரலை உயர்த்தவில்லை. "இது பாரதூரமானது, ஸ்டெல்லா. நீயே எழுதியது நல்லது. மகளிடம் போய்ச் சொல்லு. அவள் என்ன சொல்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்" என்றாள். கூட வரட்டுமா என்றும் கேட்டாள். நான் தனியாகப் போகிறேன் என்றேன்.

நாலு வருடம் என் கையால் திறந்த கதவு அது. திறப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மணியை அடித்துவிட்டு, படிக்குக் கீழே, எங்கள் ஊர் முற்றத்தில் நிற்பதுபோல நின்றேன். பெரித் கதவைத் திறந்து, என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "உள்ளே வா" என்றாள். பழைய சமையலறை. நான் மன்னிப்புக் கேட்கப் பாடமாக்கி வந்த வசனங்கள் பின்சுவரைக் கண்டதும் மறந்துபோயின. மூலையில் கடதாசி ஒரு முழம் உரிந்து தொங்கியது. பலகையின் நுனியில், மங்கலாக, சிவப்பு மை.

"ஞாயிறு வந்த கையோடு உரித்துப் பார்த்தேன்" என்றாள் பெரித். "நீ பொய் சொல்கிறாய் என்று காட்டத்தான் உரித்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். களவு என்று நினைத்துச் சொல்லவில்லை, பெருமை என்று நினைத்துத்தான் சொன்னேன் என்றேன். அவள் கையை அசைத்தாள். பலகை அவளுக்குப் பெரிதாகவே இல்லை. "அறுபத்தாறு வருடம் நான் அவருடைய மகள். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கதைத்தோம். என்ன கதைத்தோம் தெரியுமா? குளிர் என்பார். இங்கேயும் குளிர்தான் என்பேன்." அவளுடைய மூக்கு சிவந்தது. "எனக்குச் சொல்லாததை உனக்கு ஏன் சொன்னார்?"

"நான் என் அப்பாவின் களவை முதலில் சொன்னேன்" என்றேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். அன்றைக்கு ஓட்வாருக்குச் சொன்ன கதையை, அவர் இருந்த அதே மேசையில், அவருடைய மகளுக்கும் சொன்னேன். சிலிப்பர் கட்டை என்னைவிட எவ்வளவு உயரம் என்று எழும்பிக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அந்த வீடு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. தலைமன்னாருக்குத் திரும்பவும் ரயில் ஓடத் தொடங்கிச் சில வருடங்களுக்குப் பின் நான் போயிருந்தேன். வீட்டில் இப்போது வேறு ஆட்கள், நல்ல சனம். வெளிநாட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று கதிரை எடுத்துப்போட்டு, சோடா வாங்கித் தந்தார்கள். நான் வாசல் நிலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு அடித்திருந்தாலும் ஆணி அடித்த ஓட்டை தெரிந்தது. "என்ன அக்கா பாக்கிறியள்?" என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள். "ஒண்டுமில்லை, நல்ல வீடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது என் அப்பா தூக்கிவந்தது என்று சொன்னால், வீட்டுக்கு உரிமை கேட்க வந்திருக்கிறாள் என்று அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில், எங்கள் வாசலில், எனக்கு வாய் வரவில்லை.

பெரித் முறைப்பாடு எழுதவில்லை. தன் வீட்டின் கதையை நடையில் சொல்வதற்குத் தனக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதிச் சங்கத்துக்கும் எங்கள் தலைவிக்கும் அனுப்பினாள். என் கோப்பில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, அது நியாயம்தான். சுவரின் அந்த மூலையை அவள் திரும்ப மூடவில்லை என்று கெர்ட் சொன்னாள்.

இந்த வருடமும் வைகாசியில் ஒரு ஞாயிறு என்னுடையது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், கெர்ட் விடவில்லை. மஞ்சள் வீட்டுக்கு முன்னால் வந்தோம். பெரித் தன் வீட்டுப் படியில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சொல்லாமல், கை நடிக்காமல், ஆறு பெருகியதையும் வள்ளத்தையும் சிவப்பு அடையாளத்தையும் சொன்னேன். ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த ஒரு மனிதர் கையை உயர்த்தி, "உனக்கு இதை யார் சொன்னது?" என்று கேட்டார். நல்ல கேள்வி; சரித்திரத்தில் அதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நான் சொல்லக்கூடாத ஒரே பதில் அதுதான்.

"நான் சொன்னேன்" என்றாள் பெரித், படியிலிருந்து.

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வராவிட்டாலும் டிக்கெட் எடுக்கிற சனம் இது. அவள் அந்தப் பொய்யைச் சொல்லும்போது காது வரைக்கும் சிவந்துபோனாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த இடத்துக்குப் போவோம் என்று நான் திரும்ப, அவள் விடவில்லை. "இன்னொரு வீடும் இருக்கிறது. அதையும் சொல்லு. உன் அப்பாவின் கட்டையை."

நடையில் இல்லாத இடம் அது. கெர்ட்டைப் பார்த்தேன், தலையாட்டினாள். அப்பா ஒருவருக்கும் சொல்லாதே என்று சொன்னதை, முதல் முறையாக, பட்டப்பகலில், இருபது பேருக்கு முன்னால், நோர்வே மொழியில் சொன்னேன். தண்டவாளத்தோடு நடந்த மனிதரைச் சொன்னேன். அவர் மாட்டேன் என்ற இரண்டு மாதத்தைச் சொன்னேன். பக்கத்து வளவில் விழுந்ததைச் சொன்னேன். கடைசியில், "அதை எங்கள் வாசல் நிலைக்கு மேலே வைத்தார். இங்கே" என்று, கை நடிக்கக்கூடாது என்பதை மறந்து, பெரித்தின் கதவுக்கு மேலே காட்டினேன். மழைச்சட்டை போட்ட இருபது பேரும், படியிலிருந்து இறங்கிவந்த பெரித்தும், ஒன்றாகத் தலையை உயர்த்தி, லில்லெஸ்ட்ரோமின் அந்த மஞ்சள் வாசலுக்கு மேலே, பேசாலையின் சிலிப்பர் கட்டையைத் தேடினார்கள். நானும் தேடினேன்.